அருணையில் எண்ணெய் முழுக்கு

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி காலையில், மதுரையிலிருந்து எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டு வந்த பதினாறு வயதுப் பிள்ளை வேங்கடராமன், திருவண்ணாமலையில் அருணாசலேசுவரர் சந்நிதியில் தன்னை ஒப்புவித்துவிட்டு, ஐயங்குளத்துப் படிக்கட்டில் அமர்ந்து தலையை முண்டனம் செய்துகொண்டான். முண்டனம் செய்துகொண்டவன் முழுகாமல் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்கலாகாது என்பது சாஸ்திரமாகவும் ஊர் வழக்கமாகவும் இருக்க, இந்தக் கட்டைக்கு ஸ்நானம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்னும் வைராக்கியத்தோடு குளத்தில் இறங்காமலே அவன் திரும்பி நடந்தபோது, எதிர்பாராமல் பெய்த மழை அவனை நனைத்துவிட்டது என்று பகவான் ரமணரின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பின்னர் ஆயிரக்கால் மண்டபத்திலும், அதன் நிலவறையாகிய பாதாளலிங்கத்திலும் அவர் உடலுணர்வற்று நிஷ்டையில் இருந்த நாட்களில், எறும்பும் பூச்சியும் அரித்துத் தொடைகள் புண்ணாயின. அன்பர்கள் தூக்கி வெளியே கொணர்ந்த பிறகு அப்புண்கள் ஆறினவேயன்றி, அவற்றின் வடுக்கள் அவருடைய ஆயுள் முழுவதும் மறையவில்லை. ஏறத்தாழ நான்கு மாதம் ஸ்நானமின்றிக் கழிந்த பின், ஓர் அன்பரின் மனைவி அவரைக் கோயில் வளாகத்திலே பிடித்து உட்கார வைத்து, தலைக்குப் பொடி தேய்த்து நீராட்டினார் என்பதையும், அடுத்த முழுக்கு அதற்கும் ஓராண்டுக்குப் பின் குருமூர்த்தம் என்னும் இடத்தில் இருந்தபோதுதான் வாய்த்தது என்பதையும் பகவானே பிற்காலத்தில் சொன்னதாகச் சூரி நாகம்மாவின் ஆசிரமக் கடிதங்களிலிருந்து அறிகிறோம்.

ஞானிக்குச் சரீரம் ஒரு பொருட்டாக இல்லை. ஆனால் அவரைச் சூழ்ந்திருந்த ஊரோ, சரீரத்தையும் அதன் மேற்போர்வையாகிய சருமத்தையும் எண்ணெயாலும் பொடியாலும் வெந்நீராலும் பேணுவதற்கு நெடுங்காலத்துச் சம்பிரதாயம் ஒன்றை உடையதாக இருந்தது. செங்கம் சாலையில் இன்று ரமணாசிரமம் விளங்கும் பகுதி, 1922-இல் பகவானின் அன்னை அழகம்மாளின் சமாதியைச் சுற்றி ஆசிரமம் எழுவதற்கு முன்பு, பலாக்கொத்துத் தீர்த்தமும் கிரிவலப் பாதையும் சில சமாதிகளுமாக ஒதுங்கிக் கிடந்த மலையடிவாரமே. அங்கே பகவானின் பிற்காலத்தில், முழங்கால் வாதத்துக்காக அணுக்கத் தொண்டர்கள் அவருடைய கால்களில் தைலம் தேய்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. எல்லாவற்றையும் துறந்தவர் இருந்த இடத்திலும் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது என்றால், அந்தச் சம்பிரதாயத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்று ஆராய்வது தகும். தோலில் இயற்கையாக ஊறும் கொழுப்பைப் பற்றி இன்றைய விஞ்ஞானம் கண்டிருப்பவற்றோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே திருத்தம் பெற வேண்டியிருக்கிறது என்பதையும் உடன் காண்பதே இக்கட்டுரையின் கருத்து.

நீராடலுக்கும் அருணைக்கும் உள்ள உறவு பக்தி இலக்கியத்திலேயே தொடங்குகிறது. மார்கழி விடியலில் கன்னியர் ஒருவரையொருவர் துயிலெழுப்பி நீராடச் செல்வதைப் பாடும் திருவெம்பாவையை மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளிச்செய்தார் என்பது சைவ மரபு. எண்ணெய் முழுக்கைப் பற்றிய கல்லெழுத்துச் சான்றோ, இம்மாவட்டத்தின் சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றோடு கலக்கும் இடமாகிய திருமுக்கூடலில் கிடைக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தில், கி.பி. 1069-ஐ ஒட்டி, அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட நீண்ட சாசனம், வேதம் பயின்ற மாணாக்கர்களுக்குச் சோறும் படுக்கப் பாயும் இரவு விளக்குக்கு எண்ணெயும் கொடுக்க ஏற்பாடு செய்ததோடு, சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்து முழுகவும் எண்ணெய் அளந்து கொடுக்க வகை செய்திருக்கிறது. அதே சாசனம், பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலையையும், அங்கே ஆண்டுதோறும் சேமித்து வைக்க வேண்டிய தைலங்களையும் கிருதங்களையும் பெயர் பெயராகச் சொல்கிறது. இன்றைக்கு 950 ஆண்டுகளுக்கு முன்பே சனிக்கிழமை எண்ணெய், ஒரு கல்விச்சாலையின் நிரந்தரச் செலவுக் கணக்கில் ஏறியிருந்தது என்பதைவிட இவ்வழக்கத்தின் பழமைக்குத் தெளிவான ஆதாரம் வேறு வேண்டுவதில்லை.

வைத்திய நூல்களும் இதனை விதியாகவே வகுத்தன. அஷ்டாங்க ஹிருதயம் செய்த வாக்படர், தினசரி ஒழுக்கத்தில் அப்யங்கம் என்னும் எண்ணெய் தேய்த்தலைச் சேர்த்து, தலை, செவி, பாதம் ஆகிய மூன்றிடங்களிலும் அதனைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்றார். அதே மூச்சில், கபம் மிகுந்தவரும், அஜீரணம் உடையவரும், பேதி முதலிய சோதனம் செய்துகொண்டவரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாகாது என்று விலக்கும் சொன்னார். இந்த விலக்கை நாம் மறக்கலாகாது. எண்ணெய் எல்லோருக்கும் எப்போதும் நன்று என்று நம் முன்னோர் சொல்லவில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்னும் விசாரணையோடு சேர்த்தே அதை அவர்கள் விதித்தார்கள். நம் காலத்தில் விதி நினைவில் நின்றது, விலக்கு மறந்துபோயிற்று.

இவ்வளவு எண்ணெயும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை கோயிலில்தான் தொடங்கும். சோழர் காலத்துத் தொண்டை மண்டலத்தில் நெய்யும் எண்ணெயும் முதற்கண் விளக்குக்கே உரியவை. நந்தா விளக்கு ஒன்று எரிய 96 ஆடுகளைச் சாவா மூவாப் பேராடாக விட்ட தானங்களைக் கல்வெட்டுகள் எண்ணற்றவையாகச் சொல்கின்றன. எண்ணெய் வாணிகம் செய்த சங்கரப்பாடியார் என்னும் கூட்டத்தாரும், செக்கின்மேல் விதிக்கப்பட்ட செக்கிறை என்னும் வரியும் அக்காலச் சாசனங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில், அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவுக்குக் குறையாத நெய்யைக் கொண்டு ஏற்றப்படும் தீபம், இந்தப் பழைய பொருளாதாரத்தின் வழிவந்ததே. அந்தக் கொப்பரையில் படியும் மையை ஆருத்திரா தரிசனத்துக்குப் பின் நெற்றியில் இட்டுக்கொள்வதற்கு இன்றும் வரிசையில் நிற்கிறார்கள். தெய்வத்துக்கு விளக்காகவும் மனிதனுக்கு முழுக்காகவும் ஒரே செக்கின் எண்ணெய் பங்கிடப்பட்டது.

அந்தச் செக்கை இன்று பார்த்தவர் அருகி வருவதால், அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவைப்பது நன்று. நிலத்தில் ஆழப் பதித்த கல்லுரலிலோ மரவுரலிலோ காய்ந்த எள்ளைக் கொட்டி, மாட்டைப் பூட்டி உலக்கையைச் சுற்ற விடுவார் வாணியர். எள் நசுங்கி மாவாகத் தொடங்கும் பதத்தில் சிறிது நீர் தெளித்து, பனைவெல்லத்தைத் தட்டிப் போடுவார். வெல்லம் சேர்ந்ததும் பிண்டி இறுகி உரலின் சுவரில் ஒட்டிக்கொள்ள, நடுவிலே பொன்னிறமான நல்லெண்ணெய் ஊறித் தேங்கும். புண்ணாக்கை மாட்டுக்கும், எண்ணெயை வீட்டுக்கும் கோயிலுக்குமாகப் பிரித்துக் கொடுப்பார். மாட்டின் நடைக்கு மேல் வேகம் கூடாததால் எண்ணெய் அதிகம் சூடேறுவதில்லை. அதன் மணமும், கெடாமல் நெடுநாள் நிற்கும் குணமும் அவ்வாறே காக்கப்பட்டன.

முழுக்கின் முறையும் அதே நிதானத்தோடு அமைந்தது. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று நாள் வகுத்தார்கள். நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் சிறிது சீரகமும் இட்டுக் காய்ச்சி, உச்சியில் வைத்து, நெற்றி முதல் உள்ளங்கால் வரை வழியத் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டு, தலைக்குச் சீயக்காயோ அரப்போ, மேனிக்குப் பாசிப்பயற்று மாவோ கடலைமாவோ தேய்த்து, வெந்நீரில் முழுகுவார்கள். அன்று பகலில் உறங்குவதும் வெயிலில் அலைவதும் குளிர்ந்த பண்டங்களை உண்பதும் கூடாது. அரப்பு என்பது உசில மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடி. அதிலும் சீயக்காயிலும் உள்ள நுரைக்கும் சத்து, மிகுதியான எண்ணெயை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். தோலில் ஒரு மெல்லிய பசை நிற்கவே செய்யும். முழுக்கு முடிந்த பின்னும் உள்ளங்கையில் எண்ணெயின் வழவழப்பு இருக்கிறதே என்று இன்று நாம் மறுபடியும் தேய்த்துக் கழுவுகிறோம். அந்த வழவழப்பு நிற்க வேண்டும் என்பதே முன்னோர் கருத்து.

உண்மையைச் சொல்வதானால், இச்செல்வம் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைக்கவில்லை. வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்து முழுக நிலமும் ஓய்வும் வேண்டும். கூலிக்கு உழைத்த குடும்பங்களில் தீபாவளிக்கு ஒரு நாளும் பிள்ளைப்பேற்றுக்குச் சில நாளுமே அது வாய்த்தது; உணவிலும் எண்ணெய் துளித்துளியாகவே விழுந்தது. அதன் விளைவு தோலிலேயே எழுதப்பட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் மயிர்க்கால்கள் முள்போலத் தடித்துத் தோல் சொரசொரப்பாகும் நோயை, இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் வைத்தியர் 1933-இல் தேரைத் தோல் என்னும் பொருள்படும் கிரேக்கப் பெயரிட்டு வருணித்தார். முதலில் அதனை விட்டமின் ஏ குறைவென்றே எண்ணினார்கள். பின்வந்த ஆய்வுகள், சில எண்ணெய்களில் மட்டும் நிறைந்துள்ள இன்றியமையாத கொழுப்பமிலத்தின் குறைவும் அதற்கு ஒரு காரணம் என்று காட்டின. தென்னாட்டு ஏழைக் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்ட இந்நோய், தோலுக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவைப் பறைசாற்றிய முதற் சாட்சிகளுள் ஒன்று.

இதற்கிடையே இவ்வட்டாரத்து எண்ணெயின் கதையே திசைமாறிவிட்டது. அந்நாளில் திருவண்ணாமலைத் தாலுகா தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஜில்லாவின் செம்மண் புஞ்சைகளில் எள்ளையும் சிறுதானியத்தையும் ஒதுக்கிக்கொண்டு வேர்க்கடலை பரவிற்று. மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பிரான்சு தேசத்து மார்செய் நகருக்குக் கப்பலேறிய அந்தக் கடலை, அந்நகரத்து ஆலைகளில் எண்ணெயாகிச் சோப்புக்கும் பயன்பட்டது. அதே காலத்தில், 1888-இல், ஆங்கிலக் கம்பெனியின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின; 1895-இல் லைஃப்பாய் வந்தது. 1914-இல் சென்னை ராஜதானி அரசாங்கமே கள்ளிக்கோட்டையில் சோப்புச் சாலை ஒன்றைத் தொடங்கிற்று. 1916-இல் பெங்களூரில் மைசூர் சமஸ்தானம் சந்தன சோப்பைச் செய்யலாயிற்று. தென்னாட்டுப் புஞ்சையின் எண்ணெய் கடல் கடந்து போன அதே தலைமுறையில், கடல் கடந்து சோப்பு இங்கே வந்து சேர்ந்தது. பயற்றுமாவு ஏழ்மையின் அடையாளமாயிற்று. நுரை நாகரிகத்தின் அடையாளமாயிற்று.

சோப்பினால் நன்மையே இல்லை என்று சொல்பவன் அறிவுடையவனல்லன். கையைச் சோப்பிட்டுக் கழுவும் வழக்கம் பேதியையும் காய்ச்சலையும் எத்தனை வீடுகளில் தடுத்தது என்பதை உலகம் அறியும். ஆயினும், உடல் முழுவதையும் நாள்தோறும் நுரைக்க நுரைக்கத் தேய்த்துக் கழுவும்போது தோலுக்கு என்ன நேர்கிறது என்னும் கேள்விக்கு விடை காண, தோலின் அமைப்பை அறிதல் வேண்டும்.

நம் சருமத்தின் வெளிப்படலம், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படாத மெல்லிய ஏடு. உயிர்நீத்த தட்டையான அணுக்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது. அணுக்களைச் செங்கலாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் கொண்டு, இதனை ஒரு மதிலாக விளக்கினார் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பீட்டர் இலயஸ். அந்தச் சாந்தில் எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதி செரமைடு; கால் பங்கு கொலஸ்டிரால்; எஞ்சியதில் பெரும்பகுதி கொழுப்பமிலங்கள். இம்மூன்றும் உரிய விகிதத்தில் படலம் படலமாக அடுக்கப்பட்டிருந்தால்தான் உடலின் நீர் வெளியே ஆவியாகிப் போகாமலும், வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உறுத்தும் பொருள்களும் உள்ளே புகாமலும் இருக்கும். மயிர்க்கால் அருகிலுள்ள சுரப்பிகளிலிருந்து முகத்திலும் தலையிலும் வழியும் எண்ணெய்ப்பசை வேறு. மதிலின் சாந்தாகிய இந்தக் கொழுப்பு வேறு. பின்னதைத் தோலின் அணுக்களே தம்முள் உற்பத்தி செய்து, மேலே வந்து மடியும் தறுவாயில் வெளியே சொரிகின்றன.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1928-இல் ஷாடே, மார்கியோனினி என்னும் ஜெர்மானிய வைத்தியர் இருவர், ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உடையது என்றும் அதுவே ஒரு காப்பு என்றும் கண்டு கூறினர். மறு ஆண்டே அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர், கொழுப்பே இல்லாத உணவை ஊட்டி வளர்த்த எலிகளின் வாலும் தோலும் செதில் செதிலாக உரிவதையும், நீர் தோல் வழியே மிகுதியாக வெளியேறுவதையும் கண்டார்கள். லினோலிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தைக் கொடுத்தபோது அத்துன்பம் நீங்கிற்று. உடல் தானாகச் செய்துகொள்ள முடியாத அந்த அமிலம், மதிற்சாந்தில் உள்ள முதன்மையான ஒருவகைச் செரமைடின் உறுப்பு என்பது பின்னர் விளங்கிற்று. அந்த லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேலே உண்டு.

இனிச் சோப்பைப் பற்றிய கேள்விக்கு வரலாம். தோலின் அமிலநிலை ஐந்தை ஒட்டியது. சோப்போ ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட காரம். சோப்பு அழுக்கோடு மதிலின் சாந்தையும் அரித்துக் கொண்டுபோவதோடு நில்லாமல், புதிய செரமைடைச் செய்யும் நொதிகளுக்கு வேண்டிய அமிலச்சூழலையும் சில மணி நேரம் குலைத்துவிடுகிறது. ஆரோக்கியமான தோல் அதிலிருந்து மீண்டுவிடும். கரப்பான் என்று நம் வைத்தியர் சொல்லும் எக்சிமாவுக்கு இடங்கொடுத்த தோல் எளிதில் மீள்வதில்லை. அத்தகையோருள் பலருக்குத் தோலின் அணுக்களுக்குள் உள்ள இழைகளை இறுக்கிக் கட்டும் ஃபிலாக்ரின் என்னும் புரதமே பிறவியில் குறைந்திருக்கிறது என்பதை 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர்கள் மெய்ப்பித்தனர். அவர்களுடைய தோலில் செரமைடும் குறைவு. சாந்து உதிர்ந்த இடுக்குகள் வழியே தூசியும் கிருமியும் புக, உடலின் காவற்படை விழித்தெழுந்து அழற்சி உண்டாகிறது. அழற்சியில் பிறக்கும் இரசாயனங்கள் கொழுப்பு உற்பத்தியை மேலும் குறைக்கின்றன. அரிப்பு எடுக்க, நகம் பட்டு மதில் இன்னும் இடிகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தால்தான் நோயாளிக்கு உறக்கம் உண்டு. மிதமாகக் கழுவுதலும், கழுவியவுடன் ஈரம் உலர்வதற்கு முன்பே நெய்ப்பசையுள்ள ஒன்றைப் பூசுதலும் இன்றும் அச்சிகிச்சையின் அடிப்படை.

எண்ணெய் தேய்த்த பிறகே பொடியும் வெந்நீரும் என்னும் நம் பழைய முறையின் நியாயம் இங்கே புலப்படுகிறது. ஆயினும் எண்ணெய் என்ற சொல்லுக்குள் பல எண்ணெய்கள் அடங்கியிருக்கின்றன. அவை தோலில் நடந்துகொள்ளும் விதமும் வெவ்வேறு. வங்கதேசத்து டாக்கா குழந்தை மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது மருத்துவமனையில் தொற்றும் கிருமிநோய் 41 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. வடநாட்டிலும் வங்கத்திலும் சிசுக்களுக்குத் தேய்க்கப்படும் கடுகெண்ணெயோ, சோதனையில் தோலின் மதிலைச் சீர்படவொட்டாமல் தாமதப்படுத்திற்று. ஒலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் பெரியோர் தோலிலும் காப்பைக் குலைக்கிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள் 2013-இல் கண்டனர். மான்செஸ்டரில் 115 பச்சைக் குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்விலோ, ஆலிவும் சூரியகாந்தியும் ஆகிய இரண்டுமே கொழுப்புப் படலங்கள் ஒழுங்காக அமைவதற்குச் சிறிது தடையாயின. பிலிப்பைன்ஸ் தீவுகளில் கரப்பான் உடைய 117 குழந்தைகளிடம் செய்த பரீட்சையில், தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. எக்சிமா வருமுன்னரே தடுக்கலாம் என்று பிறந்தது முதல் தோலில் களிம்பு பூசிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, 1,394 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, அவ்வாறு பூசுவதால் நோய் வருவது தடைபடவில்லை என்று 2020-இல் அறிவித்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நம் வீட்டுவழக்கங்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தையின் மேனியில் வெண்ணெய்போல் ஒட்டியிருக்கும் மாவை அழுக்கென்று கருதி, கடலைமாவால் அழுத்தித் தேய்த்து உடனே எடுத்துவிடுவது நம் வழக்கம். நீரும் புரதமும் கொழுப்பும் கலந்த அம்மாவு, கருவறையின் நீரிலிருந்து காற்றுக்கு வரும் சிசுவுக்கு இயற்கை பூசி அனுப்பிய காப்பு; அதனாலேயே முதல் 24 மணி நேரம் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. தலையில் பொடுகு மிகுந்தால் எண்ணெய் வைத்தால் அடங்கும் என்பதும் அத்தகையதே. பொடுகை வளர்க்கும் நுண்காளான் கொழுப்பைத் தின்றே வாழ்வது; எண்ணெய் அதற்கு உணவாகும். கபம் மிகுந்தவருக்கு எண்ணெய் ஆகாது என்று வாக்படர் சொன்ன விலக்கை, காரணம் வேறானாலும், விஞ்ஞானம் மற்றொரு வாசல் வழியே வந்து உறுதி செய்திருக்கிறது.

சித்த வைத்தியத்திலும் இவ்விவேகம் உண்டு. தோல் தடித்து வெள்ளிச் செதிலாக உதிரும் காளாஞ்சகப்படைக்கு, இன்று சோரியாசிஸ் என்று வழங்குவதற்கு, தமிழ்நாட்டு வைத்தியர்கள் வெட்பாலைத் தைலத்தைக் கையாள்கிறார்கள். இவ்வட்டாரத்து வறண்ட காடுகளில் இயல்பாக வளரும் வெட்பாலையின் பச்சை இலைகளைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் அமிழ்த்தி, அடுப்பில் ஏற்றாமல், கண்ணாடிப் பாத்திரத்தோடு வெயிலில் வைப்பார்கள். சில நாளில் நிறமற்ற எண்ணெய் மெல்லச் சிவந்து, பின் கருஞ்சிவப்பாகி, முடிவில் நாவற்பழத்தின் நிறத்தை அடையும். சாயத்துக்கும் பயன்பட்ட இலையின் நீலச்சத்து எண்ணெயில் இறங்கியதன் அடையாளம் அது. ஆரோக்கியமான தோலில் நான்கு வாரம் எடுத்து மேலே வரவேண்டிய அணு, இந்நோயில் சில நாளிலேயே முதிராமல் மேலே வந்துவிடுவதால் மதிற்சாந்தும் ஒழுங்குபடுவதில்லை. அத்தோலுக்கு எண்ணெயின் மென்மையும் மருந்தின் குணமும் ஒருங்கே வேண்டும். சென்னையிலுள்ள மத்திய சித்த ஆராய்ச்சி நிலையத்தில் இத்தைலம் நவீன முறையிலும் ஆராயப்பட்டது. சம்பிரதாயம் பரீட்சைக்கு அஞ்சாமல் முன்வந்து நிற்கும்போது அதன் மதிப்பு உயர்கிறது என்பதற்கு இதனை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

இன்று ரமணாசிரமப் பகுதி வெகுவாக மாறிவிட்டது. பல தேசத்தாரும் வந்து தங்கும் விடுதிகளும் வீடுகளும் மலையடிவாரமெங்கும் எழுந்து, மக்கள் குளங்களை விட்டு ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சோப்பிலும் குளிக்கிறார்கள். அதே சாலைகளில் மரச்செக்கு எண்ணெய் என்னும் பெயர்ப்பலகைகளும் மூலிகைத் தைலக் கடைகளும் மீண்டும் தோன்றுகின்றன. இந்த மீட்சியை வரவேற்கிறேன். ஆனால் செக்கு எண்ணெய் எல்லா நோயையும் தீர்க்கும் என்னும் வாய்ச்சொல்லும் அதனோடு கூடவே விற்கப்படுவதைக் கண்டு வருந்துகிறேன். முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் எண்ணெயைவிடப் பெரியது, ஆளையும் பருவத்தையும் அளவையும் பார்த்து நடந்த அவர்களுடைய நிதானமே.

ஆகையால் வாசகர்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. உடம்பு இடங்கொடுக்குமானால் வாரம் ஒரு நாளாவது நல்லெண்ணெய் தேய்த்து முழுகுங்கள். மற்ற நாட்களில் சோப்பைக் கைக்கும் அக்குளுக்கும் தேவைப்பட்ட இடத்துக்கும் மட்டும் நிறுத்தி, மேனியின் இயற்கை நெய்ப்பசையைத் தேய்த்தெடுக்காமல் விடுங்கள். பச்சைக் குழந்தைக்கு எந்த எண்ணெயானாலும் மருத்துவரைக் கேட்டுப் பூசுங்கள்; கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். கரப்பானோ காளாஞ்சகப்படையோ கண்டவர்கள், நீர் வடியும் புண்மேல் தாமாக எதையும் தேய்க்காமல், தோல் மருத்துவரையோ முறையாகப் பயின்ற சித்த மருத்துவரையோ காலத்தில் அடையுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க்குக் கல்லிலே நிவந்தம் எழுதி வைத்த நாட்டினர், தோலைக் காக்கும் கல்வியையும் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.